கடல் இல்லாத கடற்கரை

மார்கழி மாதத்து அரைப் பரீட்சை விடுமுறை வந்துவிட்டால் நம் தெருவில் பாதிப் பேர் கடற்கரை தேடிப் புறப்பட்டு விடுவார்கள். வேளாங்கண்ணி என்பார் ஒருவர். பூம்புகார் என்பார் மற்றொருவர். சென்ற விடுமுறையில் நாமும் கடற்கரைக்குப் போகப் போவதாக அறிவித்தோம். எந்தக் கடற்கரை என்று கேட்டார்கள். "பெரம்பலூர்க் கடற்கரை" என்றோம். வீட்டில் எழுந்த சிரிப்பு எதிர்வீட்டுத் திண்ணை வரையில் கேட்டிருக்கும்.

சிரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்றைய வங்கக் கடல் இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி அல்லவா அலை வீசிக் கொண்டிருக்கிறது! ஆயினும் சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கடல் பெரம்பலூர்ச் சீமை வரையில் மேற்கே வந்திருந்தது. கடல் போய்விட்டது, கரை மட்டும் அப்படியே கிடக்கிறது. கூட்டம் கிடையாது, சுண்டல் விற்பவனும் கிடையாது. கட்டுச் சோற்று மூட்டையுடனும் பதினான்கு வயது மகளுடனும் வாடகைக் கார் ஒன்றில் ஏறினோம்.

முதலில் சாத்தனூர். ஓடைக் கரையில், கம்பி வேலிக்குள், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்திருக்கிறது. மரம் என்றோமே தவிர, தட்டினால் கல். 1940-ல் இந்தியப் புவியியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். இன்று இது தேசியப் புவியியல் சின்னம். கரையோரக் காட்டில் நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலின் ஆழமற்ற பகுதியில் புதைந்தது. மேலே மண் மூடியது. மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தில் தாதுப் பொருள் மெல்ல மெல்லப் புகுந்து, உருவம் மாறாமல் கல்லாயிற்று. நம் மகள் அதன் நீளத்தைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "இதில் குருவி உட்கார்ந்திருக்குமா, அப்பா?" என்று கேட்டாள். சரித்திரம் போதிக்கும் நமக்கு ராஜராஜன் காலத்துக்கு முன்னால் போனாலே மூச்சு வாங்கும். பேசாமல் இருந்தோம்.

அங்கிருந்து காரை. செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமாய், மழை நீர் அரித்து அரித்துப் பிளந்த மேடுகள். புல் பூண்டு அதிகம் இல்லை. வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லுகள் போல் மின்னுகின்றன. இந்த மண் ஒரு காலத்துக் கடலடிச் சேறு. குனிந்து நடந்தால் அம்மோனைட் என்னும் பிராணியின் சுருள் ஓட்டுத் துண்டுகள் அகப்படும். பார்வைக்கு நத்தை, உண்மையில் கணவாய்க்கு உறவு. நம் பாட்டிமார்கள் பூஜையில் வைத்திருந்த கண்டகி நதிச் சாளக்கிராமமும் இந்த வம்சந்தான். டைனோசார்கள் அழிந்த அதே காலத்தில், சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன், இந்த வம்சமும் அற்றுப் போயிற்று. 2020-ல் பக்கத்துக் குன்னத்தில் மண் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசார் முட்டை என்று ஊரெல்லாம் திரண்டது. நிபுணர்கள் வந்து, அது முட்டையன்று, அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட வண்டல் உருண்டை என்றார்கள். ஜனங்களுக்குப் பெரிய ஏமாற்றம்! முட்டையை விட அம்மோனைட் எந்த விதத்தில் மட்டம் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.

கையில் எடுத்துப் பார்க்கலாம், பையில் போடக் கூடாது என்பது மகளுக்கு நாம் விதித்த நிபந்தனை. முகத்தைச் சுளித்துக் கொண்டே அவள் அதற்குக் கட்டுப்பட்டாள்.

கிழக்கே செல்லச் செல்லப் பாறையின் வயது குறைகிறது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக இவற்றைப் பகுத்து 1862-ல் பிளான்ஃபோர்டு என்பவர் எழுதி வைத்தார். அன்று முதல் பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கு இது ஒரு க்ஷேத்திரம். நமக்கு இது வெறும் பஸ் பாதை.

அரியலூரை நெருங்கினால் சாலையில் லாரிகள்; லாரி நிறையச் சுண்ணாம்புக்கல். கடலில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் படிந்து உண்டான கல் அது. களிமண்ணோடு கூட்டி 1,450 டிகிரிச் சூட்டில் வேகவைத்துப் பொடியாக்கினால் சிமெண்ட். ஒரு சுரங்கப் பள்ளத்தின் ஓரம் கார் நின்றது. ஆடு மேய்த்துக் கொண்டிருந்த மூதாட்டி அருகில் வந்தாள்.

"கல்லுப் பாக்க வந்தீங்களா, தம்பி?"

"ஆமாம், ஆயா. சிப்பிக் கல் பார்த்திருக்கிறீர்களா?"

"நத்தக் கல்லுதானே? ஏரு ஓட்டுறப்போ கொழுவுல மாட்டும். வரப்புல தூக்கிப் போடுவோம்." பள்ளத்துக்குள் கையை நீட்டினாள். "அந்தா, தண்ணி நிக்குதே, அங்கதான் எங்க கொல்ல. மூணு ஏக்கரு. பருத்தி போட்டா வெள்ளையா வெடிக்கும்."

"ஏன் விற்றீர்கள்?"

"நாலு பக்கமும் வித்துட்டாங்க. நடுவுல நாங்க மட்டும் என்ன பண்றது? வண்டித் தடமே இல்லாமப் போச்சு." சற்று நின்று, "எம் மவன் இப்ப அங்கதான் லாரி ஓட்டுறான். அந்தக் காசுலதான் பேத்தி திருச்சியில நர்சுக்குப் படிக்குது" என்றாள். குரலில் வருத்தமா, பெருமையா என்று பிரித்துச் சொல்ல நமக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

இந்தப் பள்ளங்களைச் சபித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் பள்ளம் தோண்டியதால்தான் அடுக்குகள் வெளிப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சுவர்களில்தான் பாடம் படிக்கிறார்கள். படித்து முடிப்பதற்குள் ஏடே லாரியில் ஏறிப் போகிறது. போன வருஷம் நம் வீட்டு மாடியும் சிமெண்டால்தான் எழும்பிற்று. "அப்படியானால் நம் சுவரிலும் சிப்பி இருக்கிறதா?" என்றாள் மகள். இருக்கிறது என்றோம்.

வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி வந்தோம். காரையில் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தவற்றுக்கு இங்கே பெயர்ச் சீட்டு ஒட்டி மரியாதையாய் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்த்துவிட ஆசை. கடல் கடந்து கடாரம் கொண்ட ராஜேந்திரன் தலைநகரும் இதே ஜில்லாவில்தானே இருக்கிறது! பொழுது போதவில்லை. பதிலாகக் கரைவெட்டி ஏரிக்குத் திரும்பினோம். 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் சரணாலயம் அது. ஏரிக் கரையில் மூட்டையை அவிழ்த்தோம். புளியோதரை சற்றே காய்ந்திருந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் தூரத்தில் இறங்குவதாகக் காரோட்டி காட்டினார். நம் கண்ணுக்குப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. மகள் மட்டும் எண்ணிக் கொண்டே இருந்தாள். இருபத்திரண்டாவது வாத்தோடு இருட்டிவிட்டது.