பெயரில் இல்லாத சொத்து



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2025 செப்டம்பரில் ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர்கள் ஆகியோரின் சொத்து விபரங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியாகின. அன்றிலிருந்து பதுளையில் தேநீர்க் கடை, பஸ் ஸ்டாண்ட், ஜும்ஆ முடிந்த பின் பள்ளிவாசல் முற்றம் என்று எங்கே நின்றாலும் இதுதான் கதை. "சிவப்புக் கொடி பிடித்தவர்களுக்கு இவ்வளவு வீடும் காணியும் தங்கமும் எங்கிருந்து வந்தது?" என்று ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டிக் காட்டிக் கேட்கிறார்கள். வகுப்பிலும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், கம்யூனிஸ்ட் என்றால் சொத்தே இருக்கக் கூடாதுதானே?"

ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு நாள் இதைப் பற்றி வாதாடினோம். முடிவில் எங்களுக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு நியாயம். எழுதிக் கொடுத்த சொத்து களவெடுத்த சொத்து ஆகிவிடாது. ஒருவர் உழைத்திருக்கலாம், மனைவிக்குச் சீதனமாகவோ பெற்றோர் வழியாகவோ வந்திருக்கலாம். விபரம் வெளியில் வந்ததே பெரிய விஷயம். இந்த நாட்டில் சொத்து விபரம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1975 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமாகவே வந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு பூட்டு இருந்தது. பணம் கட்டி ஒரு பிரதி எடுக்கலாம், எடுத்ததை இன்னொருவருக்கு வெளிப்படுத்தினால் குற்றம். 2023 இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம்தான் அந்தப் பூட்டைத் திறந்தது. கிட்டத்தட்ட 48 வருடம் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது கைத்தொலைபேசியில் தெரிகிறது.

அந்த 1975 ஐக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டும். எங்கள் நாடு ஒரு நாளும் கம்யூனிச நாடாக இருந்ததில்லை. ஆனால் 1970 இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்திருந்தன. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. இரண்டிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 இலட்சம் ஏக்கர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வெள்ளைக்காரத் துரை போனார், அரசாங்கத்துத் துரை வந்தார். தோட்டம் இனி மக்கள் சொத்து என்றார்கள்.

எந்த மக்கள்? கொழுந்து பறித்தவர்களில் பெரும் பகுதியினருக்கு 1948 இலேயே குடியுரிமை பறிபோயிருந்தது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி பெட்டி கட்டிக்கொண்டு, பதுளையிலிருந்து கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மக்கள் சொத்தின் மேல் நின்று வேலை செய்தவர்கள் மக்கள் கணக்கில் இல்லை.

அதே காலத்தில்தான் பஞ்சமும் வந்தது. வயதானவர்களிடம் கேளுங்கள். அரிசி கொண்டுபோனால் பாதையில் ஹால் பொல்ல தடையில் பிடிப்பார்கள். பாணுக்கு வரிசை. லயங்களில் மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு, பலருக்கு அதுவும் இல்லை. 1974 இல் தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் மற்ற இடங்களை விட எவ்வளவோ மேலே போனது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் யாருக்கு மா கிடைக்கும், யாருக்குப் பர்மிட், எடுத்த தோட்டக் காணியில் யாருக்குத் துண்டு, யாருக்கு வேலை என்பதெல்லாம் தொகுதி எம்.பி.யோடு இருந்தவர்களின் கையில் இருந்தது. 1973 இல் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசியல் அதிகாரி என்று ஒருவரையே நியமித்தார்கள். 1977 இல் ஆட்சி மாறிய பின்னும் எம்.பி.யின் துண்டு இல்லாமல் அரசாங்க வேலை இல்லை என்பது மாறவில்லை. கொடியின் நிறம்தான் மாறியது.

பிள்ளை கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குச் சொத்து இருந்ததா என்றால், பல நாடுகளில் அவர்கள் பெயரில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எல்லாம் கையில் இருந்தது.

கிழக்கு ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே வண்ட்லிட்ஸ் என்ற இடத்தில், காட்டுக்குள் மதில் கட்டித் தலைவர்கள் குடியிருந்தார்கள். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்த பிறகுதான் தொலைக்காட்சிக்காரர்கள் உள்ளே போனார்கள். மாளிகை ஒன்றும் இல்லை, சாதாரண வீடுகள்தான். ஆனால் வெளியே சனங்கள் வரிசையில் நின்று தேடிய சாமான் உள்ளே இருந்த கடையில் தாராளமாகக் கிடைத்தது, மேற்கு ஜெர்மனிச் சாமான் உட்பட. அவர்களிடம் இன்றைய சொத்து விபரப் படிவத்தைக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வெறுமையாகவே திருப்பித் தந்திருப்பார்கள். வீடு அரசாங்கத்தினுடையது, கார் அரசாங்கத்தினுடையது, கடையும் அரசாங்கத்தினுடையது. சாவி மட்டும் அவர்களுடையது.

சோவியத் யூனியனில் இருந்த உஸ்பெகிஸ்தான் எங்கள் சமூகத்துக்குப் பழக்கமான பெயர். இமாம் புகாரி பிறந்த புகாரா அங்கேதான் இருக்கிறது. அங்கே பருத்தித் தோட்டங்களில் பறிக்காத பருத்தியைப் பறித்ததாகக் கணக்கெழுதி, மொஸ்கோவிடமிருந்து வருடக்கணக்காகப் பணம் எடுத்தார்கள். கீழே வயலில் சனங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பஞ்சு பறித்தார்கள், மேலே கட்சிக்காரர்கள் பங்கு பிரித்தார்கள். விசாரணை போய்ப் போய்த் தலைவர் பிரெஷ்னேவின் மருமகன் வரை எட்டியது. 1988 இல் அவருக்கு 12 வருடச் சிறை. தராசடியில் கிலோ வெட்டுப்பட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். இங்கே பறித்ததைக் குறைத்து எழுதுகிறார்கள், அங்கே பறிக்காததைக் கூட்டி எழுதினார்கள்.

சீனாவில் பொலிசுக்கும் நீதித்துறைக்கும் மேலே இருந்த சூ யோங்காங்குக்கு 2015 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இலஞ்சத்தில் பெரும் பகுதி மனைவி, மகன் வழியாக வந்தது என்று வழக்கில் சொல்லப்பட்டது. அதுவும் அவர் பெயரில் இல்லை.

ஆகவே ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்விதான். அவர் எதில் கையெழுத்து வைக்கிறார், அந்தக் கையெழுத்தால் யார் வாழ்கிறார்கள் என்பது மற்றப் பாதி. டென்டர் யாருக்கு, காணி யாருக்கு, நியமனம் யாருக்கு என்பது படிவத்தில் வராது.

பெயரில் இல்லாமல் இருப்பது மேலே உள்ளவனுக்கு வசதி. கீழே உள்ளவனுக்கு அது மண்சரிவு. கொஸ்லாந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மலை மூடியது. ஆபத்து என்று அதற்குப் பல வருடம் முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் சனங்களுக்குப் போவதற்குத் தங்கள் பெயரில் ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை.

எங்கள் மார்க்கம் இந்த விஷயத்தை எப்போதோ பேசிவிட்டது. ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தந்தது என்று பிரித்து வைத்தபோது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். தாய் தகப்பன் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். உமர் (ரழி) அவர்கள் ஆளுநர்களை அனுப்ப முன் சொத்தை எழுதி வைத்து, பிறகு கூடியிருந்தால் விசாரித்ததாக வரலாற்றில் படிக்கிறோம். பதவி அமானிதம் என்பதன் அர்த்தம் இதுதான்.

இனி எங்களுக்கே ஒரு கேள்வி. பசறை, லுணுகலைப் பாதை நெடுகிலும் எங்கள் வாப்பாமார் கடை வைத்திருந்தார்கள். பஞ்சத்தில் கடன் கொப்பியைக் கிழித்துப் போட்டுச் சனங்களைக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். எம்.பி.யின் ஆளைப் பிடித்து மா மூடை எடுத்துக் கவுண்டருக்குக் கீழே பதுக்கியவர்களும் இருந்தார்கள். முதலாமவர்களைப் பற்றி மட்டும்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இன்றைக்கும் இடமாற்றத்துக்கு, லைசனுக்கு, பிள்ளையை ஒரு பாடசாலையில் சேர்க்க "சந்தோஷம்" கொடுத்துவிட்டு வந்து அமைச்சரின் தங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். வாங்குகிறவன் தனியாக வாங்குவதில்லை.

ஊரில் நாங்கள் வைத்திருக்கும் பொதுப் பணத்துக்கும் இதே கணக்குத்தான். பள்ளிவாசல் வசூல், ஸகாத் நிதி, ஜனாஸா சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், எல்லாமே யார் பெயரிலும் இல்லாத சொத்து. கணக்குக் கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பது எங்கள் பழக்கம். பெரிய இடங்களிலும் முதலில் இந்த வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவை ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யாருக்கு வேலை கொடுத்தோம், யார் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் பாடசாலையிலிருந்தே தொடங்கலாம். அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் நாங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பிரேரணையாக வைக்கப் போகிறோம். பெற்றோர் தவறாமல் வாருங்கள், இன்ஷா அல்லாஹ்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கும் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

பிழை இருந்தால் கொமென்டில் திருத்துங்கள்.