பரிந்துரைக் கடிதம்

கார்த்திகை தீபம் நெருங்கினால் செங்கம் சாலையில் வெளிநாட்டவர் நடமாட்டம் பெருகிவிடும். ரமணாச்ரமத்தை ஒட்டிய தெருக்களில் மாத வாடகைக்கு அறை எடுத்து மாசி வரை தங்குவார்கள். இந்த ஊரிலேயே வேலை பார்த்து இங்கேயே வயதாகும் எங்களுக்கு அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. அந்தத் தெருவொன்றில் எங்கள் மாணவி ஒருவர் மூன்றாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வந்தார் என்பதும் எங்கள் கண்ணில் படவில்லை.

நாங்கள் என்று இங்கே குறிப்பது இருவரை. ஒருவர் தமிழ்த்துறை; மற்றவர் ஆங்கிலத்துறை. ஒரே பெஞ்சில் தேநீர் குடிப்பவர்கள்.

2017ஆம் ஆண்டுக் கோடையில் அந்த மாணவி எங்களைத் தேடி வந்தார். ஆங்கிலத்தில் முதுகலை முடித்துத் தனியார் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியை. ஃபுல்பிரைட் நல்கைகளில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க இருவரிடமும் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார். இந்தியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்கள் ஒரு கல்வியாண்டு, ஏறத்தாழ ஒன்பது மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தம் தாய்மொழியைக் கற்பிக்கும் திட்டம் அது. வயது வரம்பு இருபத்தொன்பது. அவருக்கு அப்போது இருபத்தொன்பது.

"ஐயா, தமிழ் சொல்லிக்கொடுக்கப் போவதற்கு இங்கிலீஷ் டீச்சராக இருக்க வேண்டுமாம்" என்று சிரித்தார். எங்களில் தமிழ்த்துறைக்காரருக்கு அது சற்றே உறுத்தியது. ஆங்கிலத்துறைக்காரர் ஏ.கே. ராமானுஜனை எடுத்துக்காட்டினார். கொல்லத்திலும் பெல்காமிலும் ஆங்கிலம் கற்பித்த ராமானுஜன் 1959இல் ஃபுல்பிரைட் நல்கை பெற்றுத்தான் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார், மொழியியல் படிக்க. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப் போனவர் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. புத்தக அடுக்குகளுக்கிடையே தரையில் உட்கார்ந்து படித்தார். அதிலிருந்து பிறந்த மொழிபெயர்ப்புகள் 1967இல் நூலாக வந்தன. ஆங்கில வாத்தியார் ஒருவர் அமெரிக்கா போய்க் குறுந்தொகையைக் கண்டடைந்தார் என்றால் தமிழ்த்துறை கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? சமாதானமாகிவிட்டோம். ராமானுஜனைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் பேசினோம். எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடிதங்களை அன்றிரவே எழுதினோம். ஒழுக்கமும் பணிவும் மிக்கவர். வகுப்புக்குத் தவறாது வருபவர். முதல் தலைமுறைப் பட்டதாரி. இவர் வாழ்வில் எல்லா வெற்றிகளும் பெற வாழ்த்துகிறோம். நன்னடத்தைச் சான்றிதழை இரண்டு பக்கத்துக்கு நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பெயரை மாற்றினால் எந்த மாணவிக்கும் பொருந்தும். அந்தப் பணிவு என்ற சொல்லை எவ்வளவு பெருமையோடு போட்டோம் என்பதை இப்போது நினைக்கக் கூசுகிறது.

நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை.

அடுத்த தை மாதத்துப் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அவரைப் பார்த்தோம். உடன் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள். தேநீர்க் கடையில் அவர்களில் ஒருவர் கடைக்காரரிடம், "நாம காசு குடுத்துட்டோம்" என்றார். "நானும் சேர்ந்தா குடுத்தேன்?" என்று கடைக்காரர் சிரித்தார். நம் மாணவி குறுக்கே எதுவும் சொல்லவில்லை. நடக்கத் தொடங்கியதும், "இப்ப நடக்கிறது யார்?" என்று கேட்டார். "நாம." சாலையோரம் உட்கார்ந்திருந்த பாட்டியைக் காட்டி, "அந்தப் பாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" அந்தப் பெண் யோசித்தார். பிறகு மெல்ல, "நாங்க நடக்கிறோம்" என்றார்.

முன்னிலையாரை உளப்படுத்தும் நாம், உளப்படுத்தாத நாங்கள். தமிழ்த்துறை வகுப்பில் நூற்பாக்களோடு ஒரு மணி நேரம் விழுங்கும் இடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் பத்தடி தூரத்துக்குள் அதை அவர் முடித்துவிட்டார்.

மூன்றாண்டுகளாகக் குளிர்கால மாலைகளில் இப்படி வகுப்பெடுப்பதாகச் சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். ஒரு பக்கம் எழுத்துத் தமிழ், எதிர்ப்பக்கம் பேச்சுத் தமிழ். யார் எங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்புகள் சிவப்பு மையில்.

"இதை ஏன்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்றோம்.

"வெள்ளைக்காரங்களுக்குக் கொச்சைத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்னு நீங்க கோபிப்பீங்கன்னு நினைச்சேன் ஐயா."

மறுத்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் பேச்சுவழக்கில் தேர்வெழுதியதற்காக அவருக்கு மதிப்பெண் குறைத்தவர் எங்களில் ஒருவர்தான். அந்த வருடத்துக்கான வாய்ப்பு போயிற்று. வயது வரம்பும் தாண்டிவிட்டது. எங்கள் கடிதத்தால்தான் போயிற்று என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் தேர்வுக்குழு அறிய வேண்டிய ஒரே செய்தி அதில் இல்லை.

அவர் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறார். செங்கம் சாலை வகுப்பும் நடக்கிறது. சென்ற வாரம் வேறொரு மாணவர் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். "நீ யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறாயா?" என்று கேட்டோம். சற்று நேரம் கழித்து, தன் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார்ப் பையன்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாகத் தயங்கிச் சொன்னார். கடிதத்தை இன்னும் எழுதவில்லை. ஞாயிறு வந்ததும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவதாக இருக்கிறோம்.