பன்னிரண்டாவது ஆள்

கிரிக்கெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் மட்டையைப் பிடித்தவளல்ல, பந்தைத் தொட்டவளுமல்ல. ஆனால் ராஜபாளையத்தில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறாரே, அவர் புண்ணியத்தில் வெங்கட்ராகவன் எங்கள் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார்.

1965-ல் நியூஸிலாந்துக்காரர்கள் வந்தபோது, 19 வயதில் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடினார் வெங்கட். அதே வரிசையில் டில்லியில் 12 விக்கெட்! அண்ணனுக்கும் ஏறக்குறைய அதே வயது. ஊர்ப் பொட்டலில் அவரும் விரலைத் திருகித் திருகிப் பந்து போடுவார். விக்கெட் விழுந்ததாக மட்டும் நான் கேட்டதில்லை.

வெங்கட்டுக்கு வாய்த்த சங்கடத்தைச் சொல்கிறேன். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், இவர் என்று ஒரே காலத்தில் நாலு சுழற்பந்துக்காரர்கள். வீட்டில் மருமகள்கள் நாலு, அடுப்பு மூன்று என்றால் ஒருத்தி கூடத்தில் நிற்க வேண்டியதுதானே? அதிலும் பிரசன்னாவும் இவரும் ஒரே ரகம், ஆஃப் ஸ்பின். ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் பெரும்பாலும் வெளியே. 1971-ல் உப காப்டனாகி மேற்கிந்தியத் தீவுகளில் 22 விக்கெட் எடுத்த பிறகும் இந்தக் கண்ணாமூச்சி தீரவில்லை.

1974 டிசம்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட எனக்கு அது முதல் மார்கழி. பட்டோடிக்குக் காயம் என்று டில்லி டெஸ்டில் வெங்கட்டைக் காப்டனாக்கினார்கள். ஆட்டம் தோற்றது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பிவிட்டார். வெங்கட்டுக்குக் காப்டன் பதவி போனது மட்டுமல்ல, பதினொரு பேரிலேயே இடமில்லை. பன்னிரண்டாவது ஆள்!

அந்த வாரம் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் அண்ணன் நின்றார். ஆண்டாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. வேலை பார்த்த இடத்தில் ஆறு மாதம் ஹெட் கிளார்க்காக 'ஆக்டிங்' பார்த்தவர். இப்போது அந்த நாற்காலி வேறொருவருக்கு. வந்தவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை இவருக்கு! சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம். என் கல்யாணக் கடன் இன்னும் பாதி பாக்கி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாப்பிள்ளை, ரேடியோவைப் போடுங்க" என்றார், வேறொன்றும் பேசாமல்.

இங்கிலீஷ் வர்ணனை; எனக்கு ஒன்றும் புரியவில்லை. "போன ஆட்டத்துக் காப்டன் இந்த ஆட்டத்திலே தண்ணி சுமக்கிறார், மச்சான்" என்றார் இவர். "நிஜமாகவா சுமப்பார், அண்ணே?" என்றேன் நான்.

"பன்னிரண்டாவது ஆள்னா சுமக்கத்தானேம்மா வேணும்."

சாப்பிட்டார். பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வாரம் அண்ணி சட்டையைத் துவைக்கும்போது பையில் அது கூழாய்க் கிடந்ததாம்.

வெங்கட் 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் காப்டனாகப் போனார். இரண்டிலும் சேர்த்து நமக்கு ஒரே ஒரு வெற்றி. 1979 இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பும் விமானத்திலேயே புதுக் காப்டன் கவாஸ்கர் என்று அறிவித்துவிட்டார்களாம்! பக்கத்து ஆசனங்களில் கூட ஆடியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அந்த மனுஷர் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்? அப்புறமும் 1983-ல் கூப்பிட்டார்கள், போனார். 57 டெஸ்ட், 156 விக்கெட். 1993-லிருந்து வெள்ளைக் கோட்டு மாட்டி நடுவராய் நின்றது 73 டெஸ்ட். ஆடியதைவிட அதிகம்!

அண்ணனுக்கு அந்த நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. கிளார்க்காகவே ஓய்வு பெற்றார். கடன் அடைந்தது, பிள்ளைகள் படித்தார்கள். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். போன மார்கழியில் டெலிபோனில் துணிந்து கேட்டுவிட்டேன்: "அன்னிக்குக் கடிதத்தை ஏன் கொடுக்கலை, அண்ணே?"

"எந்தக் கடிதம்மா?" என்றார்.

பின்னாலிருந்து அண்ணியின் குரல்: "அந்தச் சட்டையிலே இங்கிக் கறை கடைசிவரைக்கும் போகலைன்னு சொல்லுங்க!"