வயிறு தள்ளிய சுவர்

வீட்டை வாங்கிய பிறகு முதல் இரண்டு வருடம் அவர்கள் எதையும் கட்டவில்லை. பெயர்த்துக்கொண்டே இருந்தார்கள். சுவரில் அப்பியிருந்த சிமென்ட், தரையில் ஒட்டியிருந்த லினோலியம், உத்திரங்களை மறைத்து அடித்திருந்த பிளைவுட், அதற்கு மேலே எலிகள் குடும்பம் நடத்திய கண்ணாடிப் பஞ்சு. ட்ரெய்லர் ட்ரெய்லராக அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டியதில் வட்டாரக் கழிவுக் கிடங்கின் ஊழியர் அவர்களுக்குச் சிநேகிதராகிவிட்டார். வீட்டைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், வாங்கியபோது எடுத்த படத்தில் இதைவிட நன்றாக இருந்ததே என்று கேட்டுவிட்டு அன்று மாலையே ரயிலேறிவிட்டாராம்.

வீட்டை வாங்கியவர் நான்த் நகரில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி செவிலியர். இடம், பிரான்ஸின் நடுவே லிமூசான் மேட்டுநிலத்தில், க்ரூஸ் மாவட்டத்துக் குக்கிராமம். மொத்தம் ஏழு வீடுகள். ராத்திரியில் விளக்கெரிவது நான்கில். பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் தெற்கே போகும் ரயிலைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் லா சூத்தெரேனில் இறங்கிவிடலாம். அதிவேக ரயில்பாதை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கிருந்து கார்தான். உயிர்வேலி, செம்பழுப்பு லிமூசான் மாடுகள், பூத்து நிற்கும் செஸ்ட்நட் மரங்கள், மறுபடியும் மாடுகள். ஜூன் கடைசியில் பத்து நாள் ஓய்வாக இருந்துவிட்டுப் போகலாம் என்று பாரிஸிலிருந்து வந்த விருந்தாளியின் கையில், இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு கரணையைக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்குவதே ஒரு படலமாக இருந்திருக்கிறது. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு என்றது. நியாயமான சட்டம். ஆனால் இரண்டு தலைமுறை பாகம் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்த வீடு பதினொரு பேர் பெயரில் இருந்தது. ஒருவர் கனடாவில், அண்ணன் தம்பி இருவருக்குள் இருபது வருடமாகப் பேச்சு இல்லை. போதாததற்கு வீட்டோடு ஒரு துண்டு மேய்ச்சல் நிலமும் சேர்ந்திருந்தது. விவசாய நிலம் கைமாறினால் சாஃபேர் என்ற நில அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். விவசாயி யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அதுவே குறுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. நோட்டரியின் மேசையில் கடைசிக் கையெழுத்து விழுவதற்குள் இரண்டு குளிர்கால மழை கூரை வழியே உள்ளே இறங்கிவிட்டது.

க்ரூஸில் மனிதர்களே கிடையாது என்று மற்ற பிரெஞ்சுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. 1851 கணக்கெடுப்பின்போது 2,87,000 பேர் இருந்த மாவட்டத்தில் இன்று இருப்பவர்கள் 1,15,000 சொச்சம். போனவர்களில் பெரும்பகுதியினர் பாரிஸைக் கட்டப் போனார்கள். இங்கே கிரானைட் மண். ரை தானியமும் செஸ்ட்நட்டும் வயிற்றை ஏதோ நிரப்பும், கையில் காசு தங்காது. ஆகவே வசந்தம் தொடங்கியதும் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள்; கொத்து வேலை செய்துவிட்டுப் பனிக்காலத்துக்குக் கூலியோடு திரும்புவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் இப்படிப் போய்வந்திருக்கிறார்கள். ஓஸ்மான் பாரிஸை இடித்து அகலச் சாலைகள் போட்ட காலத்தில் சாரத்தின் மேல் நின்றவர்களில் க்ரூஸ்காரர்கள் ஏராளம்.

அவர்களில் ஒருவர் மர்த்தான் நதோ. 1830இல், பதினான்கு வயதில், அப்பாவோடு நடந்து கிளம்பிய சித்தாள். 1849இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1851 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் மறுபடி கரணையைப் பிடித்தார், பிறகு பிரெஞ்சு ஆசிரியரானார். 1870இல் திரும்பி வந்து மீண்டும் அரசியல். 1895இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள்தான் அந்தக் கொத்தனார்களின் வாழ்க்கையை இன்று நமக்குச் சொல்கின்றன. லா மர்த்தினேஷ் என்ற சிற்றூரில் அவர் பிறந்த வீடு இன்னும் நிற்கிறது. போய்ப் பார்த்தால், ஆசிரியர் தம்பதியின் வீட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது.

ஒரு கட்டத்தில் போனவர்கள் திரும்பி வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். பாரிஸ் கூலியில் எழும்பிய கல் வீடுகள் மட்டும் ஊரில் மிஞ்சின.

இந்த வீட்டு நிலைக்கு மேலே உள்ள கல்லில் 1847 என்று செதுக்கியிருக்கிறது. வீட்டுக்கு வயது சொல்ல இது போதாதா என்றால், போதாது. ஆசிரியர் நெப்போலியன் காலத்தில் தொடங்கிய நில அளவை வரைபடங்களைத் தேடிப் பார்த்தார். மாவட்ட ஆவணக் காப்பகங்கள் அவற்றை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. 1847க்கு முந்தைய வரைபடத்திலேயே அதே இடத்தில் சிறிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டில் வீட்டை நீட்டிக் கட்டியிருக்க வேண்டும், அல்லது கல்லே வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். நல்ல கல்லை யார் விடுவார்கள்?

சுவரின் கனம் இரண்டு அடிக்கு மேல். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவே சரளையும் மண்ணும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே குறுக்கே நீளக் கல். கிரானைட் பூமியில் சுண்ணாம்புக் கல் கிடையாது. சுண்ணாம்பு தொலைவிலிருந்து வண்டியில் வர வேண்டிய சரக்கு. அதனால் ஏழை வீடுகளுக்குச் சாந்து மண்தான், கிரானைட் உளுத்து மணலாகிப்போன மண். அதைக் கேட்டதும் விருந்தாளி சுவரைவிட்டுச் சற்று நகர்ந்து நின்றார். மண்ணில் நிற்கிறதா இது! நின்றுகொண்டுதான் இருக்கிறது, 180 வருடமாக. ஒரு நிபந்தனையோடு: மண் ஈரத்தில் ஊறக் கூடாது.

இங்கேதான் சிமென்ட் வருகிறது. அடித்தளமோ ஈரத்தடுப்போ இல்லாத இந்தச் சுவர்களில் தரையிலிருந்து ஓதம் ஏறும். ஏறட்டும், கல்லிடுக்கின் வழியே காற்றில் ஆறிப் போய்விடும். 1960, 70களில் அக்கறையுள்ள ஒரு வீட்டுக்காரர் அந்த இடுக்குகளையெல்லாம் சிமென்ட்டால் அடைத்தார். பார்க்கக் கெட்டியாக இருந்தது. ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அது உள்பக்கம் திரும்பியது. உள்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தது. நடுவிலிருந்த மண் சேறாகிக் கீழே இறங்க, வடக்குச் சுவரின் வெளிவரிசை முன்னால் துருத்திக்கொண்டு வந்தது. இதற்கு பிரெஞ்சுக் கொத்தனார்கள் சொல்லும் வார்த்தை, சுவருக்கு வயிறு விழுந்துவிட்டது என்பதுதான். பழைய வீடுகளின் முகப்பில் எஸ் வடிவத்திலும் எக்ஸ் வடிவத்திலும் இரும்புப் பட்டைகள் தெரிவதைப் பயணிகள் அலங்காரம் என்று படம் எடுத்துக்கொள்வார்கள். வயிறு மேலும் தள்ளாமல் இருக்க, வீட்டின் குறுக்கே ஓடும் கம்பியின் முனையில் போட்ட பூட்டு அது.

சிமென்ட்டின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிருந்து தெற்கே, தோர்தோஞ் ஆற்றின் மேல் சுயாக் பாலத்தைக் கட்ட 1812இல் வந்த இளம் பொறியாளர் லூயி விக்கா, சில சுண்ணாம்புகள் தண்ணீருக்குள்ளும் இறுகுவது ஏன் என்று ஆராயத் தொடங்கினார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அந்தக் குணம் வருகிறது என்று 1818இல் எழுதி வெளியிட்டார். பிற்காலத்துச் சிமென்ட்டுக்கு வழிவிட்டது அந்த ஆராய்ச்சி. சிமென்ட் கெடுத்த சுவரைச் சரிசெய்ய இன்று வாங்கும் இயற்கை நீர்ச்சுண்ணாம்பின் குணத்தை விளக்கியதும் அதுவேதான். நோயும் மருந்தும் ஒரே கடைச் சரக்கு.

ஆசிரியர் வாங்குவது தோர்தோஞ் மாவட்டத்து செந்த் அஸ்தியே சுண்ணாம்பு. மூட்டையில் 2, 3.5, 5 என்று எண்கள் இருக்கும். எண் ஏற ஏறக் கடினம். மண்சாந்துச் சுவருக்குக் குறைந்த எண்தான் சரி. சாந்து கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல். பக்கத்துக் குவாரியின் துரு மஞ்சள் மணல். சாந்துக்கு நிறம் தருவது அதுதான். இடுக்கைச் சுரண்டு, தூசி தட்டு, தண்ணீர் தெளி, திணி. திணிப்பதற்கென்று நுனி உருண்ட ஒல்லிக் கரணை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'பூனை நாக்கு'. பூனை நாக்கோடு விருந்தாளி ஆறு நாள் உறவாடினார். முதல் நாள் ஒன்றரைச் சதுர மீட்டர். அதிலும் பாதியை மறுநாள் ஆசிரியரின் மனைவி பெயர்த்துவிட்டார்: "வெயிலில் காயவிட்டுவிட்டீர்கள். இது ரொட்டி இல்லை, அவசரப்படுத்தக் கூடாது." சுண்ணாம்பு மெதுவாக இறுக வேண்டும். ஈரச் சாக்கை அதன் முன்னால் தொங்கவிட வேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர் போனால் தொடவே கூடாது. க்ரூஸில் அதற்கு அர்த்தம், வருடத்தில் பாதி நாள் வேலை கிடையாது.

சன்னல்கள் ஏன் இவ்வளவு சின்னவை? குளிர் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். 1798 முதல் 1926 வரை பிரான்ஸில் கதவுக்கும் சன்னலுக்கும் எண்ணிக்கை பார்த்து வரி போட்டார்கள். தொழுவத்துக்கும் தானியப் பரணுக்கும் விலக்கு இருந்தது. ஆகவே மாடுகள் வரி இல்லாத வெளிச்சத்தில் வாழ்ந்தன. வீட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு சன்னலோடு இருட்டில் சூப் குடித்தார்கள். வீட்டின் தென்புறத்தில் கல் வைத்து அடைத்த சன்னல் ஒன்று கிடைத்தது. அதைத் திறந்த அன்று, சமையலறையில் இவ்வளவு சிலந்திவலையா என்று அந்த அம்மா அதிர்ந்துபோனாராம்.

கல்லை வெளியே தெரிய விடுவதா, பூசுவதா என்பதில் கணவன் மனைவிக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்திருக்கிறது. சுற்றுலா அஞ்சலட்டைகளில் எல்லாப் பண்ணை வீடும் கல் தெரியத்தான் நிற்கும். அது சமீபத்து மோஸ்தர். அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதி உள்ளவர் வீட்டுக்குப் பூச்சு போடுவார். பூசாமல் விடுவது தொழுவத்தை. 1965 முதல் கிராமத்து வீடுகளுக்காகப் பேசிவரும் 'மெசோன் பெய்சான் தெ ஃபிரான்ஸ்' சங்கத்துக்காரர்களும் பூச்சை உரிக்காதீர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் கல்லின் முகம் லேசாகத் தெரியும்படி மெல்லிய பூச்சு என்று சமரசம் ஆனது. அம்மா ஜெயித்தார் என்று விருந்தாளிக்குத் தோன்றுகிறது. உள்பக்கம் சணல்தண்டின் நறுக்கைச் சுண்ணாம்போடு கலந்து பூசியிருக்கிறார்கள்; கை வைத்தால் சுவர் சில்லிடுவதில்லை.

இனி, வீட்டோடு வந்த பெரிய கட்டடம். பிரெஞ்சில் கிரான்ஜ் என்பார்கள். கீழே தொழுவம், மேலே வைக்கோல் பரண். வீட்டைப்போல இரண்டு மடங்கு பெரியது, வீட்டைவிட அழகானது. நடுவே வண்டி நுழையும் களம். மாடுகள் தலையை நீட்டித் தீவனம் தின்னத் துவாரம் வெட்டிய ஓக் பலகைத் தடுப்பு இன்னும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கழுத்துகள் உரசி அதன் விளிம்பு கண்ணாடி போல் வழவழத்திருக்கிறது. கூரைச் சட்டம் செஸ்ட்நட் மரம். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கீறிய ரோம எண்கள். தரையில் வைத்து வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிரித்து, மேலே ஏற்றி மறுபடி சேர்ப்பதற்காகத் தச்சர் போட்ட அடையாளம். கூரையைச் சோதிக்க வந்த இளம் தச்சர் ஏணியில் நின்றபடி எண்களை விரலால் தடவி ஒன்று, இரண்டு என்று வாசித்துக்கொண்டே போனார். ஏழாம் எண்ணைக் காணோம். அது இருந்த சட்டம் எப்போதோ உளுத்து, அந்த இடத்தில் மின்கம்பம் ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

கோடரியால் மரம் செதுக்குவது இந்த இளம் தச்சரின் தலைமுறைக்குத் திரும்ப வந்திருக்கிறது. புர்கோஞ் பகுதியில் கேதெலோன் என்ற இடத்தில் 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள்; 2019 ஏப்ரலில் நோத்ர்தாம் தேவாலயத்தின் கூரை எரிந்த பிறகு, அங்கே கை பழகிய தச்சர்கள் சிலர் புதிய ஓக் சட்டங்களைச் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. அதன் பிறகு, ரம்பத்தில் அறுத்தது வேண்டாம், கோடரி வேலைதான் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று இந்தத் தச்சர் சிரித்தார். ஆசிரியரும் அப்படித்தான் கேட்டிருந்தார்.

கிரான்ஜை விடுதியாக மாற்றலாம் என்பது முதல் கனவு. மேயர் அலுவலகத்தில் அந்தக் கனவு இளைத்தது. தொழுவத்தைக் குடியிருப்பாக்கினால் கட்டடப் பயன்பாடே மாறுகிறது, அனுமதி வேண்டும். மொத்தப் பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டம் கட்டாயம். கழிவுநீர்த் தொட்டிக்குத் தனி அலுவலகம், தனி ஆய்வு. பின்புறச் சரிவில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை (1997இல் தடை வந்த சரக்கு) நினைத்தபடி கழற்றிக் கொட்ட முடியாது. இதற்கிடையில், உத்திரத்தில் ஒன்பது தகைவிலான் கூடுகள். பிரான்ஸில் அவற்றைக் கலைப்பது குற்றம். ஏப்ரலில் வந்து செப்டம்பரில் போகும் குடித்தனக்காரர்கள். கூரை வேலை அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

யோசித்துப் பார்த்துவிட்டு, கூரையை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். ஸ்லேட் ஸ்பெயினிலிருந்து வருகிறது. பக்கத்து கொரேஸ் மாவட்டத்தில் த்ராவசாக் குவாரியில் இன்னும் கையால் பிளக்கிறார்கள் என்றாலும் அந்த விலைக்கு இவர்களால் முடியாது. கீழே எதுவும் செய்யப்போவதில்லை. வெறும் கூடமாகவே இருக்கட்டுமாம். இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விடுவதா என்று கேட்ட நண்பர்களுக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை. விருந்தாளிக்கு அது சரியாகவே பட்டது. பகுதி பகுதியாகத் தடுத்து, குளியலறை வைத்து, அந்தக் கூரையை யாரும் முழுசாகப் பார்க்க முடியாதபடி செய்த கிரான்ஜ்களை அவர் வரும் வழியில் பார்த்திருந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, அடுத்த மேட்டிலிருக்கும் விவசாயி டிராக்டரோடு வந்தார். வயது எழுபதுக்கு மேல். இந்தப் பரணில் சிறுவயதில் வைக்கோல் ஏற்றியவர். இயந்திரம் சுருட்டித் தரும் உருளைக் கட்டு ஒவ்வொன்றும் முந்நூறு கிலோ. பழைய கதவுக்குள் நுழையாது, பரணும் தாங்காது. ஊர் ஊராகக் கிரான்ஜ்கள் காலியானது அந்த உருளைகளால்தான் என்றார். பேத்தியின் கழுதைக்காகச் சின்னக் கட்டாக நூற்று இருபது போட்டிருப்பதாகவும், மழை வரும்போலிருக்கிறது, இங்கே வைத்துக்கொள்ளலாமா என்றும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

இருட்டும்வரை நால்வரும் கைமாற்றி ஏற்றினார்கள். தகைவிலான்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போய்வந்தன. பரணில் நின்று வாங்கியவர் அந்த அம்மா. கீழேயிருந்து தூக்கிக் கொடுத்த விருந்தாளியின் விரல்களில் சுண்ணாம்பு வெடிப்பு எரிந்தது. கட்டை மூலை மாற்றி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியும் என்று கிழவர் களத்திலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்.