தலகாணிக்குள் இருந்த எங்கள் தெரு

'தீபாவளிக்கு நீங்களே செய்து கொடுக்க 7 பரிசுகள்' என்று போன வருடம் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் மூன்றாவது, பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் மேசை விரிப்பு. 'ஒரு மணி நேரம் போதும்' என்று கூசாமல் எழுதியிருந்தேன். அதுவரை நான் தைத்ததெல்லாம் பிளவுஸ் கொக்கி மட்டும்தான். இந்த வருடம் நிஜமாகவே ஒன்று தைத்தேன். 19 ராத்திரி ஆனது. கட்டுரையை நம்பி ஊசியைக் கையில் எடுத்தவர்கள் மன்னித்துவிடுங்கள்.

விரிப்பு அம்மாவுக்கு. மதுரையில் 26 வருடம் லேடீஸ் டெய்லராக இருந்தவர். கடை கிடையாது. முன்னறையில் ஒரு கால் மிஷின், ஆணியில் தொங்கும் அளவு பிளவுஸ்கள், அவ்வளவுதான். நூல்கண்டும் கொக்கியும் வாங்கப் போகும்போது என்னையும் புது மண்டபத்துக்குக் கூட்டிப்போவார். மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கல் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை. 'அக்கா, என்னோடது ஆயிருச்சா?' என்று வாசலில் ஆள் நின்றுகொண்டே இருக்கும். விடிகாலை நாலு மணிக்குக் கடைசி பிளவுஸைக் கொடுத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச் சேலைக்குப் பழைய பிளவுஸைப் போட்டுக்கொள்வார் அம்மா. தனக்குத் தைக்க நேரம் இருந்திருக்காது.

இரண்டு வருடம் முன்பு கழுத்து எலும்புத் தேய்மானம், கூடவே கண்ணில் புரை. மிஷினை மூடிவிட்டார். இப்போது அதன் பலகை மேல் டிவி ரிமோட், மாத்திரை டப்பா, கரன்ட் பில் அட்டை. 'சும்மாதான் இருக்கேன்' என்று போனில் அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கும். அந்தப் பலகைக்குத்தான் இந்த விரிப்பு.

துணிக்கு நான் எங்கும் அலையவில்லை. வேலை கிடைத்துச் சென்னை ஹாஸ்டலுக்கு வந்தபோது, 'தலகாணியெல்லாம் காசு குடுத்து வாங்காத' என்று, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அடைத்து ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துக் கட்டிலில் கொட்டினேன். எங்கள் தெருவே வந்து விழுந்தது. டீச்சரக்காவின் டூ பை டூ, சிவப்புச் சுங்குடிப் புள்ளிகள், யாருடைய கல்யாணப் பட்டோ ஒரு ஓரம். எத்தனை வருடம் சேர்த்து வைத்தாரோ! நடுவே நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டும் இருந்தது. என் எட்டாம் வகுப்பு யூனிஃபார்ம்.

அதைப் பார்த்ததும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வருடம் பள்ளியில் கொடுத்த படிவத்தில், 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். பக்கத்து பெஞ்சுக்காரியின் அம்மாவுக்கு வங்கியில் வேலை. இத்தனைக்கும் என் ஸ்கூல் ஃபீஸ் அந்த மிஷினிலிருந்துதான் வந்தது.

பஞ்சு எதுவும் வைக்கவில்லை. வங்காளத்துக் காந்தா தையலில் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள்; அதற்கான நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது அந்தக் கால வழக்கம். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி வேறு மாதிரி. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது. நான் போர்த்திக்கொள்ள எடுத்து வந்திருந்த அம்மாவின் பழைய வாயில் சேலையை மூன்றாக மடித்து அடித்துணியாக்கி, தொடங்கிவிட்டேன்.

சிவப்புச் சுங்குடியை முதலிலேயே தனியாக அலசி, சாயம் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தைத்த பிறகு தண்ணீர் பட்டதும் பக்கத்து வெள்ளைத் துண்டு ரோஸ் கலராகிவிட்டது. பாலியஸ்டர் துண்டு ஒன்று இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டை மேல் இன்னொரு துண்டு. பட்டு பிசிறு பிசிறாகப் பிரிந்தது. காட்டனோடு காட்டனை மட்டும் சேருங்கள். போன வருடக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது இதைத்தான்.

அளவை அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டேன். 'நாலு சாண் நீளம், ரெண்டு சாண் அகலம்' என்றார். இன்ச் டேப் இருக்கும் வீட்டில்! நானும் யோசிக்காமல் என் கையால் நாலு சாண் அளந்து வெட்டிவிட்டேன்.

தீபாவளி அன்று காலை, இட்லி சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தேன். அம்மா வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். டெய்லர்கள் அப்படித்தான்.

"முடிச்செல்லாம் ஏன் இப்பிடித் துருத்திக்கிட்டு நிக்குது?"

பிறகு மிஷின் மேல் விரித்தார். நீளத்தில் நாலு விரல் குறைந்தது. நடுவில் பூரி போல உப்பியிருந்தது.

"யாரு அளவு குடுத்தது?"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

விரிப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டே வந்தார் அம்மா. "இது டீச்சரோடது. இது மாடி வீட்டு மதினி, வளைகாப்புக்குத் தச்சது. கை டைட்டா இருக்குன்னு மூணு தடவ திருப்பி அனுப்புச்சு." நீலக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இது உன் எட்டாங்கிளாஸ்."

"அம்மா, அந்த வருஷம் ஒரு ஃபார்ம்ல..."

"தெரியும். கீழ கையெழுத்துப் போட்டது யாரு, நான்தான?"

12 வருடமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அம்மா அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரு பட்டி குடுத்தா சரியாயிரும்."

ரிமோட்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து அப்பா மடியில் வைத்தார். பலகையைத் திறந்து மிஷினை நிமிர்த்தினார். துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"கழுத்து வலிக்கப்போகுதும்மா" என்றேன்.

"நாலு விரல் பட்டிக்குக் கழுத்து ஒண்ணும் ஒடஞ்சிராது. ஊசியில நூல மட்டும் நீ கோத்துக் குடு பாப்பா."

மூன்றாவது தடவைதான் கோத்தேன்.