பேர் வெட்டின டப்பாக்கள்

14 மார்ச் 2025, வெள்ளி
ஆம்பூர்

ரம்ஜான் நோன்பு இன்றைக்குப் பதின்மூன்று. கோடிவீட்டு மாமிக்குக் காரடையான் நோன்பு. பூஜையில் வைக்கும் முன்பே எதிர்வீட்டுப் பாயம்மாவின் பங்கை மாமி தனியாக எடுத்துவிடுவார். படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று மாமிக்குத் தெரியும். மாமி வீட்டிலிருந்து வந்தால் அது படைக்காததுதான் என்று பாயம்மாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த முறை அடை நடுப்பகலிலேயே போய்விட்டது. நோன்பு திறக்கும் வரை மேஜைமேல் இருந்தது. இந்தப் பக்கத்து வெயிலில், அடையோடு வைத்த வெண்ணெய் என்ன ஆகும்? உருண்டை கரைந்து வெல்ல அடை, உப்படை இரண்டும் அதில் மிதந்திருக்கின்றன. மாமிக்கு விஷயம் தெரிந்து பதறிப்போனார். பாயம்மாவோ, “நெய்யில ஊறப்போட்ட பலகாரம்னு நெனச்சு அப்படியே தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம்மா. அடுத்த வருசமும் இதே மாதிரி பண்ணச் சொல்லு” என்கிறார்.

அதோடு முடியவில்லை. பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியை எங்கள் வீட்டில் கொடுக்கச் சொன்னால், பாயம்மாவின் பேரன் அதை மாமி வீட்டில் கொடுத்துவிட்டான். உள்ளே கைமா. மாமி தூக்கைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தார். முகத்தில் சுளிப்பே இல்லை. “சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்கோ” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

15 மார்ச்

பாயம்மாவின் மூத்த மகன் நியூயார்க்கில், புரூக்ளினில் இருக்கிறான். ஷூ டிசைன் வேலை. ராத்திரி அம்மாவுக்கு வீடியோவில் வந்தவன், என்னையும் கூப்பிடச் சொன்னானாம்.

நேற்று அங்கே யூதர்களுக்குப் பூரிம் பண்டிகையாம். பாரசீக ராஜ்ஜியத்தில் ஆமான் என்ற அமைச்சன் யூதர்களைப் பூண்டோடு அழிக்கத் திட்டமிட, ராணி எஸ்தர் அதைத் தடுத்துத் தன் இனத்தைக் காப்பாற்றினாள் என்பது வேதாகமக் கதை. அந்த நாளில் ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்பியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. சமைக்க வேண்டிய பொருளாக இல்லாமல், கையில் வாங்கியதும் சாப்பிடும்படி இருக்க வேண்டும். ஏழைகள் இருவருக்காவது கொடையும் கொடுக்க வேண்டும்.

மாடிவீட்டுப் பிள்ளைகள் ராஜா ராணி வேஷத்தில் வந்து இவனுக்கும் ஒரு கூடை கொடுத்திருக்கிறார்கள். கசகசா பூரணம் வைத்த முக்கோண பிஸ்கட், இரண்டு ஆரஞ்சு, சின்ன பாட்டிலில் ஒயின். மணியோ மதியம், இவனோ நோன்பாளி. பிஸ்கட்டை இஃப்தாருக்கு எடுத்து வைத்துவிட்டான். ஒயினைக் கொட்ட மனம் வராமல், மூடியைத் திறக்காமல் மேலே கொண்டுபோய்த் தன் விரதத்தைச் சொல்லியிருக்கிறான். அந்த வீட்டுப் பெரியவர் ரம்ஜானை மறந்ததற்காக மன்னிப்புக் கேட்க, பண்டிகை நாளில் கொடுத்ததைத் திருப்பியதற்காக இவன் மன்னிப்புக் கேட்க, படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் போயிருக்கிறது.

வெறும் கூடையைத் திருப்பவில்லை அவன். நம் அடுப்பில் வெந்தது அவர்களுடைய ஆகார விதிக்கு ஒத்துவராது என்று தெரிந்து, பிரிக்காத பேரீச்சம்பழப் பெட்டியை, அதன்மேல் யூத குருமார்களின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைத்திருக்கிறான். ஆம்பூரில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

18 மார்ச்

பூரிம் பற்றித் தேடிப் படித்தேன். யூதர்களின் தல்மூதில் மெகில்லா என்ற பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. பாபிலோனில் ரப்பா என்ற அறிஞர் மாரி பார் மார் என்பவருக்கு ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் கொடுத்தனுப்புகிறார். கொண்டுபோகிறவர் ரப்பாவின் மாணவர் அபாயே. பெரிய பதவிக்கு வந்தும் பட்டிக்காட்டுக் கூடையைக் கழுத்திலிருந்து இறக்கவில்லையே என்று அவர் நினைப்பாரே, என அபாயேவுக்குக் கிளம்பும்போதே கவலை. மாரி பதிலுக்கு ஒரு பை இஞ்சியும் ஒரு கிண்ணம் திப்பிலியும் அனுப்புகிறார். அபாயேவுக்கு மறுபடியும் கவலை: நான் இனிப்பு அனுப்பினேன், அவர் காரம் அனுப்பிவிட்டாரே என்று குரு சொல்லமாட்டாரா? திப்பிலி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. காரம் என்றாலும் மாரி அனுப்பியது உயர்ந்த பொருள் என்றுதான் எனக்குப் படுகிறது.

போன இடத்தில் அபாயேவுக்கு அறுபது தட்டுகளில் அறுபது வகை பரிமாறியிருக்கிறார்கள். குருவின் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனவர், அறுபதையும் தின்று, கடைசியில் வந்த இறைச்சி வறுவலின் ருசியில் தட்டையே கடித்துவிடத் தோன்றியதாம். தூக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடும் எங்கள் தெருப் பிள்ளைகளின் கவலையும் பசியும் எவ்வளவு பழையவை!

22 மார்ச்

இன்று அத்தையின் திதி. கல்யாணமான புதிதில் நடந்தது ஞாபகம் வந்தது. அத்தை வள்ளலார் வழி. முட்டை கூடத் தொடமாட்டார். அந்த ரம்ஜானுக்கு எதிர்வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். மாமியாருக்குக் கறி ஆகாது என்று நான் சொல்லியிருந்ததால், தம் உடைத்த தேக்சாவிலிருந்து துண்டு எதுவும் விழாமல் பார்த்துப் பார்த்துக் குஸ்கா மட்டும் அள்ளி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சீரகச் சம்பா கறிச்சாற்றிலேயே வெந்தது என்பது அவள் கணக்கில் வரவில்லை. கத்தரிக்காயோடு இரண்டு கவளம் உள்ளே போயிற்று. “அரிசி என்னமா மணக்குது” என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள் பாயம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

அத்தை எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே வந்து, அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, “புள்ள ஆசையாத்தான அனுப்பிச்சா” என்றார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பச்சரிசி, சேமியா, நெய், முந்திரி, சர்க்கரை என்று சமைக்காத பொருளாகவே வர ஆரம்பித்தது. பூரிமுக்குச் சமைக்க வேண்டிய பொருள் செல்லாது. இங்கே அதுதான் பெரிய மரியாதை. அத்தை போன பிறகும் அந்தப் பை நிற்கவில்லை. அதோடு எனக்குப் பிரியாணியும் வருகிறது.

2015இல் பக்ரீத் புரட்டாசியில் வந்தது. குர்பானிக் கறியில் மூன்றில் ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் உரியது. அப்பா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். மற்ற மாதங்களில் கறி இல்லாமல் ஞாயிறு போகாது. புரட்டாசி முழுக்கத் தொடமாட்டார். வாசலில் பங்கு வந்து நிற்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை. பங்கு கொண்டுவந்த பாய்தான் வழி கண்டுபிடித்தார்: “சார் பங்கு என் ஃப்ரிட்ஜில இருக்கட்டும்.” ஐப்பசி பிறந்ததும் குழம்பாகவே வந்தது.

அம்மாவின் அதிரசத்தையும் சொல்ல வேண்டும். அம்மா மாவில் சுக்கும் ஏலக்காயும் கூடவே போடுவார். ஒரு தீபாவளிக்குக் காலையில் நான்கு வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் பின்தெருவிலிருந்து ஒரு தட்டு வந்தது. கடித்துப் பார்த்தவர், “இது நான் சுட்டதாச்சே!” என்றார். வீட்டுக்கு வீடு கை மாறிச் சுற்றி வந்திருக்கிறது, ஒன்றுகூடக் குறையாமல். பூரிம் கூடைகளும் இப்படிச் சுற்றுவது உண்டாம். இந்தத் தெருவில் யாருக்கு என்ன ஆகாது என்பதை யாரும் எழுதி வைத்துக்கொண்டு கற்கவில்லை. இப்படி இடறி இடறித்தான் தெரிந்துகொண்டோம். அதனால் இந்தக் குளறுபடிகளில் ஒன்றுகூட நடக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

30 மார்ச், ஞாயிறு

உகாதி. பக்கத்துத் தெலுங்கு வீட்டம்மா இந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நோன்பு திறக்கும் நேரமாகப் பார்த்துப் பாயம்மா வீட்டுக்கு ஒரு சொம்பு உகாதிப் பச்சடி கொடுத்தனுப்பியிருக்கிறார். புளி, வெல்லம், மாங்காய், மிளகாய், உப்பு, வேப்பம்பூ. பார்த்தால் நன்னாரி சர்பத் நிறம். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பேரன் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் கவிழ்த்திருக்கிறான். அவன் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நல்ல பையன், துப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பிறை தெரிந்துவிட்டது.

31 மார்ச்

ரம்ஜான். அதே சொம்பில் ஷீர் குர்மா நிரம்பித் தெலுங்கு வீட்டுக்குப் போயிற்று. பாலும் சேமியாவும் பேரீச்சையும் பாதாமும். கொண்டுபோனவன் அதே பேரன். “ஆன்ட்டி, இது கசக்காது” என்று சொல்லிக் கொடுத்தானாம். அவர் என்னிடம் வந்து, பக்ரீத்துக்கு என்ன அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று கேட்டுக்கொண்டு போனார்.

1 ஏப்ரல்

பாத்திரம் திருப்பும் நாள். சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை என்று ஏதாவது போட்டுத்தான் தரவேண்டும். எவர்சில்வரில் பேர் வெட்டியிருப்பதால் பெரும்பாலும் குழப்பம் இல்லை. ஒரு டப்பாவில் மட்டும் எழுத்து தேய்ந்து முதல் எழுத்தும் கல்யாண வருஷத்தின் பாதியும்தான் தெரிகிறது. மாமி தன்னுடையது இல்லை என்றார். பாயம்மாவும் இல்லை என்றார். முனை டீக்கடையில் வைத்தால் உரியவர் பார்த்து எடுத்துக்கொள்வார் என்று பேரன் கொண்டுபோய் வைத்தான். சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டார் தங்களுடையது என்று கேட்டு வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் டப்பாவோடு என்னிடம் வந்து நிற்கிறார்.