பேத்தமங்களா: சம்பு சொல்லும் சேதி

கோலார் தங்க வயலுக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சயனைடு மேடுகள். அடுத்து எல்லோரும் கேட்பது ஆழம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது என்று சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். அத்தனை ஆயிரம் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். ஊரின் பெயர் பேத்தமங்களா.

நந்திமலைப் பக்கம் பிறக்கிற பாலாற்றின் குறுக்கே இங்கே ஏரி கட்டியிருக்கிறார்கள். ஏரி நேற்றையது அல்ல. விஜயாதித்தமங்கலம் என்பது ஊரின் பழைய பெயர். உடைந்துபோன ஏரியை 10ஆம் நூற்றாண்டில் இரிவ நுளம்பன் சீர்செய்த சேதி கல்வெட்டில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்க வயலுக்கு இங்கிருந்து குழாய் போட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. சொந்த ஊரில் அவர்கள் பாலாறு என்று அறிந்தது பெரும்பாலும் மணல். வந்த இடத்தில் அதே பாலாறு குழாயில் வந்தது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏரி இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கரையில் நிற்கும் பொதுப்பணிப் பொறியாளர் எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பார். மீன் குத்தகைக்காரர் குஞ்சு விட்ட நாளைக் கணக்கிடுவார். பறவை ஆர்வலர் தொலைநோக்கியைத் தூக்குவார். நீர்த்தாவரச் சூழலியலாளர் என்று ஒரு ஜாதி உண்டு. அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். கையில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம், அளவு குறித்த கோல், பழைய செய்தித்தாள் கட்டு. கரையிலிருந்து தண்ணீரை நோக்கி ஒரு கயிற்றை நேராக இழுத்து, அதன் வழியே சில அடிக்கு ஒருமுறை சட்டத்தை வைத்து, உள்ளே என்னென்ன செடி, எவ்வளவு, எத்தனை ஆழத்தில் என்று எழுதிக்கொண்டே போவார். அட்டையும் தண்ணீர்ப் பாம்பும் வேலையோடு சேர்ந்தவை. நீர்ச்செடியை வெளியே எடுத்ததும் ஈரத்துணி போலச் சுருண்டுவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் செடியை மிதக்கவிட்டு, அடியில் காகிதத்தை நுழைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கயிற்றின் வழியே நடந்தால் ஏரியின் கதை வரிசையாக வரும். வறண்ட ஓரத்தில் கோரையும் நீர்முள்ளியும். ஈரச் சேற்றில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆராக்கீரை. முழங்கால் தண்ணீரில் வள்ளையும் சம்பும். இன்னும் உள்ளே அல்லியும் கொட்டியும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆழம், இத்தனை நாள் என்று ஒரு கணக்கு. ஏரியில் தண்ணீர் எவ்வளவு காலம் நின்றது, எப்போது இறங்கியது, எப்படிப்பட்ட தண்ணீர் வந்தது என்பதைப் பதிவேடு இல்லாமலே இவை சொல்லிவிடும்.

பெயர்தான் இங்கே சிக்கல். எல்லைப்புற ஊர், மூன்று மொழி. தமிழில் சம்பு என்பதைத் தெலுங்குக்காரர் ஜம்மு என்பார், கன்னடக்காரர் ஜொண்டு என்பார். லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்பவர்களை இங்கே ஒரு நாள் நிறுத்தினால் போதும்.

குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும். கொட்டி, ஆம்பல், நெய்தல் மட்டும் கூடவே கிடந்து வாடும் என்று மூதுரையில் ஔவையார் உறவுக்கு உவமை சொல்கிறார். தாவரவியலாகவும் அது சரியான கவனிப்பு. கொட்டியும் ஆம்பலும் சாவதில்லை. கிழங்காகச் சேற்றுக்குள் கிடந்து அடுத்த மழைக்குத் தளிர்க்கின்றன. ஆராக்கீரையின் வித்துறைகள் பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்தாலும் உயிரோடு இருக்கும். சீனாவில் பழைய ஏரிப் படுகையில் கிடைத்த சுமார் 1,300 ஆண்டு வயதுள்ள தாமரை விதையை முளைக்க வைத்திருக்கிறார்கள். வற்றிய ஏரியின் சேற்றை ஒரு கூடை அள்ளித் தட்டுகளில் பரப்பி, ஈரம் குறையாமல் வைத்து, என்ன முளைக்கிறது என்று எண்ணுவது இந்தத் துறையின் முக்கியமான சோதனைகளில் ஒன்று. கண்ணுக்கு மண்ணாகத் தெரிவது விதைக் கிடங்கு.

அந்த விதைகளில் பலவும் ஏரி வற்றினால்தான் முளைக்கும். தண்ணீர் பின்வாங்கி, சேறு வெயில் கண்டு, மறுபடி மழை பிடிக்க வேண்டும். நம் ஏரிகள் ஆயிரம் ஆண்டாக இந்தத் தாளத்தில்தான் இருந்தன. கோலாரில் நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. இருப்பதெல்லாம் மேல் ஏரி நிறைந்து கீழ் ஏரிக்கு வழியும் சங்கிலி.

இந்தச் சங்கிலியில்தான் 2018 ஜூனில் புதிய தண்ணீர் விடப்பட்டது. பெங்களூரின் கோரமங்களா - செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கோடு கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் அனுப்பும் திட்டம். ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்தும் புழுதி மட்டுமே கண்ட விவசாயிகள் கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய நகரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்கும் யாருக்கும் யோக்கியதை இல்லை. அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்ற குரல் இன்றும் ஓயவில்லை.

இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பில் நாற்றம் போகும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பாலும் தங்கிவிடும். செடிக்கு அது உரம். உரம் வந்தால் எல்லாச் செடியும் வளராது, முரடுகள்தான் வளரும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை சுமார் இரண்டு வாரத்தில் தன்னை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அதை ஒழிக்க வங்காளத்தில் 1936இலேயே சட்டம் போட்டுப் பார்த்தார்கள். செடி இன்றும் இருக்கிறது. கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு. நடுவில் சம்பு, அதன் ஒரு கதிரிலேயே லட்சத்துக்கு மேல் விதை, பஞ்சோடு காற்றில் போகும். இவை மூன்றும் பெருகி, கொட்டியும் அல்லியும் மறைந்தால் ஏரிக்குள் என்ன வருகிறது என்பதை அறிய ஆய்வுக்கூட அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதே சம்பு கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் பயன்படுகிறது. வேர் சத்தை உறிஞ்சும். சம்புக் காடு இருக்கிறது, ஏரி தானே சுத்தமாகிவிடும் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. உறிஞ்சிய செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் சத்து வெளியேறும். அங்கேயே அழுகினால் அத்தனையும் தண்ணீருக்குத் திரும்பும். எப்போது அறுப்பது, எவ்வளவு அறுப்பது, பறவைக்கு எதை விடுவது என்று சொல்ல ஆள் வேண்டும். ஜேசிபி ஓட்டுனரிடம் இதைக் கேட்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஏழைகளின் கறி. பறிக்கக் காசு வேண்டாம். ஆனால் தண்ணீரில் ஈயமோ காட்மியமோ இருந்தால் அவை கீரைக்கும் ஏறும். கழிவுநீர் சேரும் ஏரிகளில் கீரையைச் சோதித்து, பறிக்கலாமா கூடாதா என்று ஊராருக்கு அவர்கள் மொழியில் சொல்லும் ஏற்பாடு இருக்க வேண்டும். நகரத்துக் கழிவுநீரைக் கிராமத்துக்கு அனுப்புகிற அரசுக்கு இது குறைந்தபட்சக் கடமை.

செடியைப் படிக்காமல் நீர்நிலையைக் காக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. கேவலாதேவ் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டு ஆய்வு நடத்தியது. எருமை போனதும் ஒரு புல் மூர்க்கமாகப் படர்ந்து தண்ணீரையே மூடியது, மேய்ச்சல் அந்த நீர்நிலைக்குத் தேவை என்று ஆய்வு சொன்னது. சைபீரியக் கொக்கு அங்கே தோண்டித் தின்றது கோரைக் கிழங்கை. புல் மண்டிய இடத்தில் கிழங்கு எட்டாது. 2002க்குப் பிறகு அந்தக் கொக்கு வரவில்லை. வழியில் நடந்த வேட்டையும் அதற்குப் பெரிய காரணம். ஆனாலும் மாட்டை விரட்டுவதுதான் பாதுகாப்பு என்று இன்றும் நினைக்கும் அதிகாரிகள் அந்த அறிக்கையைப் படிக்கலாம்.

சர்வதேச ராம்சார் பட்டியலில் 2024இல் கர்நாடகத்தின் மாகடி கெரெ, அங்கசமுத்திரம் ஆகிய இரண்டு ஏரிகள் சேர்ந்தன. இரண்டும் மனிதர் கட்டியவை. இரண்டுக்கும் புகழ் தந்தவை பறவைகள். சென்னையின் பள்ளிக்கரணைக்காகப் பாடுபட்ட ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தது. நல்ல செய்திகள்தான். பறவைக் கணக்கெடுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வருகிறார்கள். கோரையில் எத்தனை வகை என்று எண்ண ஒருவர் வந்தால் அதிசயம்.

பேத்தமங்களாவுக்கு வேண்டியது பெரிய ஆய்வு மையம் அல்ல. கரையில் மூன்று இடங்களைக் குறித்து, மழை முடிந்த ஜனவரியிலும் வெயில் உச்சத்தில் மே மாதத்திலும் கயிறு இழுத்து எண்ணினால் போதும். தங்க வயலின் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. மூன்று மொழியிலும் செடியின் பெயரை அவர்களுக்குச் சொல்லித்தர ஊரில் மூதாட்டிகள் இருக்கிறார்கள்.

இது ஒரு மாநிலத்தின் விவகாரம் மட்டும் அல்ல. மைசூரும் சென்னை மாகாணமும் 1892இல் செய்த ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. 1903 நவம்பரில் மேலே மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்தபோது அழிந்தது கீழே வாணியம்பாடி. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வேலூர்க்காரர்கள் 1903ஐத்தான் நினைத்துக்கொண்டார்கள். பேத்தமங்களா நிறைந்தால் மிகுதித் தண்ணீர் ராமசாகரம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து ஆந்திரத்துக்குள் நுழைந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு வருகிறது. கலங்கல் வழியே சம்பு விதையும் ஆகாயத்தாமரையும் கூடவே வரும்.